‘இது என் கை இல்லை’: பக்கவாதத்துக்குப் பின் கை தானாக அசைந்தால், அந்நியமாகத் தோன்றினால் வீட்டார் செய்ய வேண்டியவை

அம்மாவுக்கு மூளையின் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்த நான்காம் நாள். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஏய்யா, இந்தக் கையைக் கொஞ்சம் எடுத்து அங்கிட்டு வை. உங்க அத்தை கையை என் மேல போட்டுட்டுப் போயிட்டா."

அத்தை இறந்து ஆறு வருஷம் ஆகிறது. "இது உன் கைதாம்மா, இந்தா பாரு உன் வளையல்" என்று காட்டினேன். அம்மா வளையலை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என் வளையலை அவ எதுக்குப் போட்டிருக்கா?"

பத்து நிமிஷம் வாதாடினேன். கடைசியில் அம்மா அழுததுதான் மிச்சம். வராந்தாவில் நின்றிருந்த சொந்தக்காரர்களில் ஒருவர் புத்தி பேதலித்துவிட்டது என்றார், இன்னொருவர் காத்து கருப்பு என்றார். இரண்டுமே இல்லை என்று எனக்கு விளக்கியவர் அங்கே வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி. "அவங்க பொய் சொல்லலண்ணே. மூளை அவங்களுக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் நமக்குச் சொல்றாங்க" என்றார். அன்றைக்கு யாராவது என் கையில் கொடுத்திருக்க வேண்டிய வழிகாட்டியை இப்போது எழுதுகிறேன். மருத்துவரிடம் போவதற்கு இது மாற்று இல்லை. மருத்துவர் வந்து போகும் ஐந்து நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் வீட்டார் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

முதல் படி: இது அவசரமா என்று பாருங்கள்

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். நேற்றுவரை இல்லாத அசைவு திடீரென்று தொடங்கினாலோ, அதோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, பலம் இன்னும் குறைந்தாலோ, அடுத்த பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். சிலருக்கு அந்த ஊசி பொருந்தாமல் போகலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் டாக்டர்கள், நாம் தாமதிக்கக் கூடாது.

கை ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்து, நினைவும் மங்கினால் அது வலிப்பு. பக்கவாதம் வந்த மூளையில் வலிப்பு வருவதுண்டு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கவே கூடாது.

பலர் தவறவிடுவது இன்னொன்று. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றதும் ஒரு கையோ காலோ கொஞ்ச நேரம் நடுங்கி ஆடும், படுத்ததும் நின்றுவிடும். "எழுந்ததுல கிறுகிறுப்பு" என்று விட்டுவிடுவோம், அல்லது ஃபிட்ஸ் என்று நினைப்போம். கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் மிகவும் சுருங்கியிருப்பவர்களுக்கு, நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் இப்படி வரலாம். பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கை அது. அன்றே காட்ட வேண்டும். பிபி மாத்திரையை நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

அப்புறம் சர்க்கரை. ரத்தச் சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடக்கும் வயதானவர்களுக்கு, அதிலும் ஆசியப் பெண்களுக்கு, ஒரு பக்கக் கையும் காலும் நிற்காமல் நெளிந்து ஆடுவது உண்டு. பக்கவாதம் போலவே தெரியும். ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால் கையசைவு தொடங்கிய உடனே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். இவ்வளவு எளிதாகப் பிடிபடக்கூடிய காரணம் வேறு இல்லை.

இரண்டாம் படி: ‘தானா அசையுது’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்

வீட்டில் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்கிறோம்: கை தானா அசையுது. அதற்குள் ஐந்தாறு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூளையில் இடம் வேறு, மருந்து வேறு.

கொட்டாவி விடும்போது மட்டும் விழுந்த கை தானாக மேலே எழும்புகிறதா? இருமும்போதும் தும்மும்போதும் முழங்கை மடங்குகிறதா? இதைப் பார்த்துவிட்டு "கை வந்துருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லி, மறுநாள் ஏமாந்த குடும்பங்கள் உண்டு. மூளையின் மேல்பகுதி கட்டுப்பாட்டை இழந்தபின் கீழே இருக்கும் பழைய பாதைகள் தாமாகச் செய்யும் வேலை அது. கெடுதல் இல்லை, ஆனால் கை மீண்டுவிட்டதற்கு அடையாளமும் இல்லை. பாதத்தை வீல்சேர் பலகையில் வைத்ததும் கால் தடதடவென்று துள்ளுவதும் இந்த வகைதான், தசை இறுக்கத்தோடு சேர்ந்தது. திடீரென்று இறுக்கமும் துள்ளலும் அதிகமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், இறுக்கமான செருப்பு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். உடம்பில் எங்கோ இருக்கும் உபத்திரவத்தைக் கால் காட்டிக்கொடுக்கும்.

கையைத் தூக்கித் தூக்கி வீசுகிறதா, கல்லெறிவதுபோல? மூளையின் ஆழத்தில் பட்டாணி அளவே உள்ள ஒரு பகுதி, அசைவுகளுக்குப் பிரேக் போடும் சுற்றில் இருக்கிறது. அங்கேயோ அதன் அருகிலோ அடிபட்டால் எதிர்ப்பக்கக் கையும் காலும் இப்படி வீசும். மெதுவாக, நடனம்போல நெளிந்தால் அதே குடும்பத்தின் சாதுவான வடிவம். இரண்டுமே தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் தூங்கும்போதும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

கண் திறந்திருக்கும்வரை சரியாக இருக்கும் விரல்கள், கண்ணை மூடச் சொன்னதும் வீணை வாசிப்பதுபோல அலைகின்றனவா? விரல் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அசைவு நோய்போலத் தெரிந்தாலும் அடிப்படைக் கோளாறு உணர்ச்சியில் இருக்கிறது.

இனி விசித்திரமானது. கை நோக்கத்தோடு வேலை செய்கிறது, ஆனால் அந்த நோக்கம் கைக்குரியவருடையது இல்லை. வலது கை சட்டைப் பொத்தானைப் போடப் போட, இடது கை அவிழ்த்துக்கொண்டே வருகிறது. அல்லது எதிரில் உள்ள டம்ளர், கட்டில் கம்பி, பக்கத்தில் இருப்பவர் புடவை என்று கை எதையாவது பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அல்லது கை மெல்ல மேலே மிதந்து எழுந்து நிற்கிறது, அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல். 1908இல் குர்ட் கோல்ட்ஷ்டைன் என்ற ஜெர்மன் மருத்துவர், பக்கவாதத்துக்குப் பின் தன் இடது கையே தன் கழுத்தைப் பிடித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்தக் கையை வலுக்கட்டாயமாகத்தான் விலக்க முடிந்தது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பெரிய நரம்புப் பாலம் சேதமானால் இரு கைகளின் சண்டை வரும். நெற்றிப் பகுதியின் உட்பக்கம் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பழக்கம் வரும். பின்பகுதியில் அடிபட்டால் மிதப்பதும், ‘இது என்னுடையதுபோல இல்லை’ என்ற அந்நிய உணர்வும் வரும்.

கடைசியாக, எங்கள் அம்மாவுக்கு வந்தது. கை அசையவே இல்லை, ஆனால் அது யாருடையதோ. இது பெரும்பாலும் வலது மூளைப் பக்கவாதத்தில், இடது கைக்குத்தான் வரும். பலருக்கு இதோடு இடப்பக்க உலகமே இல்லாமல் போயிருக்கும். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு "சோறு பத்தல" என்பார்கள். கை விழுந்திருப்பதே தெரியாமல் "எனக்கு ஒண்ணுமில்ல, நடப்பேன்" என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த அறியாமைக்கு 1914இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பெயர் வைத்தார். தன் உறுப்பை இன்னொருவருடையது என்று நம்புவதற்கு 1942இல் கெர்ஸ்ட்மன் என்ற இன்னொரு நரம்பியல் மருத்துவர் தனிப் பெயர் வைத்தார். நூறு வருஷத்துக்கு மேலாக மருத்துவம் அறிந்த விஷயம் இது. பைத்தியம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: செல்போனில் பிடியுங்கள், ஒரு நோட்டில் குறியுங்கள்

மருத்துவர் அறைக்குள் போனதும் கை சமர்த்தாக இருந்துவிடும். அதனால் வீட்டிலேயே வீடியோ எடுங்கள். முகமும் கையும் சேர்ந்து தெரிய வேண்டும். ஒரு நிமிஷம் போதும். அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் வருகிறதா என்பதும் பதிவாகட்டும். நோட்டில் நேரம், அப்போது படுத்திருந்தாரா நின்றாரா, சர்க்கரை அளவு, பிபி, எவ்வளவு நேரம் நீடித்தது, இவ்வளவு போதும்.

கூடவே எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பக்கவாதத்துக்குத் தந்ததை மட்டும் இல்லை. தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, வயிற்று எரிச்சல் மாத்திரையோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைடு ஆகியவை வயதானவர்களுக்கு நடுக்கத்தையும் வாய், நாக்கு அசைவையும் உண்டாக்கக்கூடியவை. தெரு முனை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் வீடுகளில் ஏராளம்.

பக்கவாதம் வந்து மாதங்கள் கழித்துப் புதிதாக அசைவோ முறுக்கோ தொடங்கினாலும் சொல்லுங்கள். வீசுவதும் நெளிவதும் முதல் நாட்களிலேயே வரலாம். கை முறுக்கிக்கொள்வது, பலம் கொஞ்சம் திரும்பிய பிறகு தாமதமாகவும் வரும்.

நான்காம் படி: வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம்

இதைத்தான் நான் தப்பாகச் செய்தேன். வளையலைக் காட்டினேன், மச்சத்தைக் காட்டினேன், தோளிலிருந்து விரல்வரை தடவிக் காட்டினேன். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. கையிலிருந்து சேதி வராமல், அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் திறனும் போய்விட்ட நிலையில், மூளை இருப்பதை வைத்து ஒரு கதை கட்டுகிறது. கதையோடு நாம் மல்லுக்கு நின்றால் மூளை இன்னொரு கதை கட்டும். நடுவில் கிடந்து தவிப்பது அம்மா.

"ஆமா, அத்தை கைதான்" என்று சொல்வதும் சரியில்லை. பிறகு அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும்போது அது குறுக்கே நிற்கும். நாங்கள் பழகிக்கொண்டது இது: "அப்படித் தோணுதாம்மா? பயமா இருக்கா? சரி, இதைத் தலகாணி மேல பத்திரமா வச்சிருவோம்." உணர்வை ஏற்றுக்கொண்டோம், கதையை மறுக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. கையைத் தொடுமுன் "இடது கையைத் தொடுறேம்மா" என்று சொல்லிவிட்டுத் தொட்டோம். ‘உன் கை’ என்று வற்புறுத்தாமல் ‘இடது கை’ என்று சொன்னது பெரிய வித்தியாசம்.

மனசு அமைதியாக இருக்கும் வேளையில், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, அம்மாவின் வலது கையைப் பிடித்து இடது தோளிலிருந்து விரல் நுனிவரை அவரே தடவும்படி செய்தோம். தேங்காயெண்ணெய் தடவும் சாக்கில் செய்தால் இயல்பாக இருக்கும். தன் கையே தன்னைத் தொடும்போது அது தன்னுடையது என்ற உணர்வு கூடுவதைச் சிலரிடம் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடியும் உதவலாம். தலையைக் குனிந்து நேராகப் பார்க்கும்போது ‘இது என் கை இல்லை’ என்றவர்கள், கண்ணாடியில் முழு உருவமாகப் பார்க்கும்போது ‘என் கைதான்’ என்று சொன்ன நிகழ்வுகளை லண்டன் ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்தார்கள். கண்ணாடியை எடுத்ததும் பழைய நம்பிக்கை திரும்பிவிடலாம். அதனால் நொந்துபோக வேண்டாம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் இந்தத் துறையில் பெரிய பெயர். விழுந்த கையை விழவில்லை என்று சாதித்த ஒரு பெண்ணின் இடது காதில் அவர் குளிர்ந்த நீரை விட்டபோது, கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பெண் உண்மையை ஒப்புக்கொண்டார். பிறகு மறுபடியும் மறுத்தார். இத்தாலிய மருத்துவர்கள் அதற்கு முன்பே இதைக் கண்டிருந்தார்கள். இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. தலைசுற்றும், வாந்தி வரும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து. மூளைக்குள் உண்மை முழுவதும் அழிந்துவிடவில்லை, எட்டாத இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது இந்தச் செய்திதான். அதன் பிறகு எனக்கு அம்மா மேல் கோபமே வரவில்லை.

சிலர் அந்தக் கையை வெறுத்து அடிப்பார்கள், கிள்ளுவார்கள், கட்டிலிலிருந்து தூக்கி எறியப் பார்ப்பார்கள். தூக்கினால் கூடவே இவர்களும் விழுவார்கள். இப்படி இருந்தால் தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: சொந்தக்காரர் இல்லாத கைக்கு நீங்கள் காவல்

தன்னுடையது என்று தெரியாத கையை யாரும் பாதுகாக்க மாட்டார்கள். அது வீல்சேர் சக்கரத்தில் சிக்கும், புரண்டு படுக்கும்போது உடம்புக்கு அடியில் மாட்டும், சுடு பாத்திரத்தில் படும், சுட்டது தெரியாது. குளிக்கும் தண்ணீரை நம் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒத்தடம் கொடுக்கும் பையை அந்தக் கையில் வைத்துவிட்டு நகரக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு கொப்புளம் போதும், மாதக்கணக்கில் ஆறாது.

தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். விழுந்த தோளில் மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி பயிற்சியையே நிறுத்திவிடும். அக்குளுக்குக் கீழேயும் கை போடாதீர்கள். தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலும் இடுப்பிலும் பிடித்துத் தூக்குவதைப் பிசியோவிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், இதைப் படித்து மட்டும் வராது. உட்காரும்போது முன்கை முழுவதும் தலையணையிலோ பலகையிலோ தாங்கி, கண்ணில் படும்படி இருக்கட்டும்.

‘நான் நடப்பேன்’ என்று சொல்கிறவர் இரவில் எழுந்து விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் பக்கவாதத்தைவிடப் பெரிய சோதனை. கட்டிலைத் தாழ்த்துங்கள், பக்கத்திலேயே படுங்கள், சிறுநீருக்கு அவர் கேட்கும் முன்னே நீங்கள் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குத்தான் எழுகிறார்கள்.

சொல் பேச்சுக் கேட்காத கைக்கு

பற்றிக்கொள்ளும் கைக்கு வேலை கொடுத்துவிடுங்கள். கைத்தடி, சுருட்டிய துண்டு, மிருதுவான பந்து, எதையாவது பிடித்திருந்தால் மற்றதைத் தேடிப் போகாது. பற்றியதை விட மறுத்தால் விரலைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்கினால் பிடி பெரும்பாலும் தளரும். இரு கைகளும் சண்டையிட்டால் அந்தக் கைக்குத் தடிமனான கையுறை மாட்டலாம், சட்டைப் பைக்குள் வைக்கலாம். "பந்தைப் பிடி", "கீழே வை" என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது சிலருக்குப் பலன் தருகிறது. அவசரம், சோர்வு, பதற்றம் மூன்றும் கையை மோசமாக்கும். அடுப்பு, கத்தி, வண்டி, இவை மூன்றும் வேண்டாம். கையைக் கட்டிலோடு கட்டிவைக்கும் யோசனை சில வீடுகளில் வரும். புண்ணும் இறுக்கமும் பயமும்தான் மிஞ்சும்.

வீசும் கைக்கு, கட்டில் கம்பிகளில் போர்வை சுற்றுங்கள், கண்ணாடிப் பொருட்களை அகற்றுங்கள். ஓயாமல் ஆடும் உடம்பு அதிகச் சக்தியைச் செலவழிக்கும், எடை குறையும். உட்கார வைத்து, சிறு கவளமாக, அடிக்கடி கொடுங்கள். விழுங்கும்போது இருமினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்தும் பயிற்சியும்

வீசும் கைக்கு டெட்ராபெனசின் போன்றவை, தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் அல்லது போட்டுலினம் ஊசி, வலிப்புக்கு அதற்குரிய மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. எதுவும் நாமாகத் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடியது இல்லை. பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினாலே வலிப்பு வரலாம். ‘என் கை இல்லை’ என்பதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கவனத்தை இடப்பக்கம் திருப்பும் பயிற்சி, தொடு உணர்ச்சிப் பயிற்சி, காலம், இவையே மருந்து. புறா ரத்தம் தடவுவதற்குச் செலவழிக்கும் பணத்தையும் நாளையும் பிசியோதெரபிக்குக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பக்கவாதமே வராமல், ஒரு கை மாதங்கள் செல்லச் செல்ல மேலும் விறைத்துக்கொண்டும் சொல் கேட்காமலும் போனால் அது வேறு நரம்பு நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை நாள்?

அந்நியக் கை என்ற நம்பிக்கை பலருக்கு நாட்களிலோ வாரங்களிலோ கரைந்துவிடும். சிலருக்கு மாதங்கள். வீசும் கையும் பெரும்பாலோருக்கு வாரங்களில், மாதங்களில் அடங்கும். சேதம் எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

அம்மாவுக்கு ஏழாவது வாரம் ஒரு காலையில், "ஏய்யா, என் கை மரத்துப் போன மாதிரி இருக்கு" என்றார். ‘என்’ என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கை இன்னும் பாதிதான் வேலை செய்கிறது. இரவில் விழிப்பு வரும்போது மட்டும், இருட்டில், பக்கத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று இப்போதும் கூப்பிடுவார். கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கை அவருடையதாகிறது. அதனால் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு ஜீரோ வாட் பல்பு விடியும்வரை எரிகிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று போட்டுவிடுங்கள்.